எக்செல் புதுசாப் போட்டா பழைய கம்ப்யூட்டர் பறக்குமாம்! ஏழாயிரம் போன கதை

போன வாரம் பக்கத்து யூனிட்காரர் போன் செய்தார். "விண்டோஸ் பத்துக்கு ஆயுசு முடிஞ்சுதாமா, ஆபிஸும் பழசாயிடுச்சாமா, ரெண்டு சிஸ்டத்துக்கும் புதுசு போட்டுத் தர்றேன்னு ஒரு பையன் வந்து உக்காந்திருக்கான், போடச் சொல்லட்டுங்களா?" என்றார். யாரென்று விசாரித்தால் என்னிடம் ஏழாயிரம் வாங்கிய அதே கடை, அதே பையன். அவரிடம் போனில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

அந்தப் பையன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10, ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 மூன்றுக்கும் வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. அந்தப் பாதி உண்மையை முன்னால் வைத்து மீதியை நம் தலையில் கட்டுகிறார்கள்.

திருப்பூரில் முப்பது மெஷின் ஓடும் சின்ன ஸ்டிச்சிங் யூனிட் என்னுடையது. 2012-ல் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7, ஆபிஸ் 2007. (அந்த 2007-க்கு பில் இருக்கிறதா என்று கேட்டால் நானும் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். சிஸ்டத்தோடு வந்தது, நான் கேட்கவில்லை.) ஒன்று ஆபிஸ் ரூமில் சம்பளக் கணக்குக்கு, இன்னொன்று பேக்கிங்கில் ஸ்டிக்கர் அடிக்க. பதினொரு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

ஆர்டர் தரும் கம்பெனியில் புது மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிக்கும் ஆள்) வந்ததில் ஆரம்பித்தது வினை. அவர் அனுப்பும் சைஸ்வாரி ஷீட்டில் எக்ஸ்லுக்கப் என்று, பட்டியலில் தேடி எடுத்துத் தரும் புது ஃபார்முலா இருந்தது. 2007-க்கு அது தெரியாது, ஒரு செல்லைத் தொட்டால் அந்தக் காலம் (column) முழுக்க எரர். சரி, புது எக்செல் போட்டுவிடலாம் என்று கடையில் கேட்டேன். "ஆபிஸ் 2021 போட்டுத் தர்றேங்ணா, லைஃப்டைம். விண்டோஸும் பத்து போட்டுடலாம். ஒரு சிஸ்டத்துக்கு மூவாயிரத்து ஐநூறு." பழைய சிஸ்டம் தாங்குமா தம்பி என்று நான் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. "என்னங்ணா இப்படிக் கேக்கறீங்க, புது வெர்ஷன் போட்டா இன்னும் ஸ்பீடாத்தான் ஆகும், பறக்கும்ங்ணா" என்றான்.

2023 தீபாவளி லீவில் வந்து ஆபிஸ் ரூம் சிஸ்டத்தை முடித்தான். பேக்கிங் சிஸ்டத்தில் ஸ்டிக்கர் பிரிண்டரின் டிரைவர் பத்தில் எடுக்குமா தெரியவில்லை, அப்புறம் வந்து பார்க்கிறேன் என்று போய்விட்டான். காசு மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஏழாயிரம் வாங்கிக்கொண்டான். அவன் அந்த இரண்டாவதைத் தொடாமல் விட்டதுதான் பிற்பாடு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வந்த முதல் சனிக்கிழமை. இங்கே வாரச் சம்பளம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பீஸ் ரேட் கணக்கை முடித்து, ஆளுக்கொரு சீட்டு அடித்து, ஆறு மணிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு அந்தச் சம்பள ஃபைலைத் திறக்கவே ஒரு நிமிஷம் நாற்பது நொடி ஆனது. திறந்த பிறகு ஒரு எண்ணைத் தட்டினால் திரை வெளுத்துப்போய், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' வந்து, சுற்றிச் சுற்றி நின்று, நாம் இன்னொரு தரம் தட்டிவிட்டோமா இல்லையா என்று குழம்பி நிற்கும்போது இரண்டு எண்ணும் சேர்ந்து வந்து விழும். சீட்டு அடிக்கும் பட்டனை அழுத்தினால் 64 பிட்டுக்கு ஏற்றபடி மேக்ரோ (பட்டனுக்குப் பின்னால் ஓடும் சின்னப் புரோகிராம்) கோடிங்கை மாற்ற வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது, அவ்வளவுதான், பட்டன் செத்துவிட்டது. ஏழரை மணிக்கு ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா ஒருவர் வந்து, "ஏனுங்ணா, பஸ் போயிருமுங்க, கணக்கு அப்புறம் பாத்துக்கலாம், ஒரு ஆயிரம் குடுங்க" என்றார். ஆளாளுக்குத் தோராயமாக அட்வான்ஸ் கொடுத்து அனுப்பினேன். அந்த அவமானம் எனக்கு ஏழாயிரத்தைவிடப் பெரிது.

திங்கட்கிழமை கூப்பிட்டேன், புதன்கிழமை வந்தான். டெம்ப் ஃபைல் அழித்தான், ரீஸ்டார்ட் செய்தான், கேபினெட்டைக் கழற்றித் தூசி ஊதினான். பிறகு டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மதர்போர்டு வீக்காயிடுச்சுங்ணா. இனி எது போட்டாலும் இப்படித்தான். ஐ5 செகண்ட்ஹேண்ட் பதினெட்டாயிரத்துக்கு இருக்கு, உங்களுக்காக எடுத்து வெக்கட்டுமா?" என்றான்.

நான் ஏமாந்தவன்தான், ஆனால் மெஷின் தொழிலில் இருப்பவன். இரண்டு ஒரே மாதிரி மெஷினில் ஒன்று ஓடி ஒன்று ஓடாவிட்டால் பார்ட்டை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். அதே சம்பள ஃபைலைப் பேக்கிங் சிஸ்டத்தில், பழைய 2007-ல் திறந்தேன். ஒன்பது நொடி. சரி, அதன் மதர்போர்டு நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் தையல் மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இரண்டு சிஸ்டத்தின் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி இடம் மாற்றி மாட்டச் சொன்னேன். 'வீக்கான' மதர்போர்டில் பழைய விண்டோஸ் 7-ம் 2007-ம் வந்து உட்கார்ந்தன. ஃபைல் திறக்க மறுபடியும் ஒன்பது, பத்து நொடி. நன்றாக இருந்த சிஸ்டத்தில் புது ஆபிஸ் ஏறியதும் அது நொண்ட ஆரம்பித்தது. மதர்போர்டுக்கு ஒன்றும் இல்லை. அவன் போட்டுவிட்டுப் போனதுதான் வியாதி, அதற்கு அவனே பதினெட்டாயிரத்துக்கு மருந்து விற்க வந்தான்.

கோயம்புத்தூரில் ஐடியில் இருக்கும் அக்கா பையன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். அவன் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. ஆபிஸ் 2007-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்ட குறைந்தபட்ச ராம் 256 எம்பி. ஆபிஸ் 2021 32 பிட், 64 பிட் என்று இரண்டு பதிப்பாக வருகிறது, 64 பிட்டுக்குக் கேட்பது 4 ஜிபி. என்னுடைய சிஸ்டத்தில் இருப்பதே மொத்தம் நான்கு. அதில் விண்டோஸ் 10 எழுந்து உட்காரும்போதே பாதிக்குமேல் தின்றுவிடுகிறது. ராம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், அந்த ஹார்ட் டிஸ்க்கோ உள்ளே தட்டு சுற்றும் பழைய ரகம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான், டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது, பிராசஸர் சும்மா இருந்தது.

"மாமா, இதுல 32 பிட் போட்டிருந்தா ராம் கொஞ்சம் மிச்சமாகும், உங்க பழைய மேக்ரோவும் அப்படியே ஓடியிருக்கும். அவன் யோசிக்காம 64 தட்டிவிட்டுப் போயிருக்கான்" என்றான். இன்னொன்று, 2013-லிருந்து எக்செல் திரையில் காட்டும் வேலைக்கு கிராபிக்ஸ் சிப்பையும் சேர்த்து வேலை வாங்குகிறதாம். பழைய சிப்பும் பழைய டிரைவரும் இருந்தால் அதிலேயே தடுமாறும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் கிராபிக்ஸ் ஆக்ஸலரேஷனை அணைக்கும் டிக்கைப் போட்டான். ஸ்க்ரோல் செய்வது உடனே லேசானது. ஒரு பைசா செலவில்லாத வேலை அது, கடைக்காரன் அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கள் ஃபைலிலும் குற்றம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. 2003 காலத்து ஃபைலை அப்படியே காப்பி எடுத்து எடுத்து இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறோம். கண்ட்ரோலும் எண்டும் சேர்த்து அழுத்தினால் கர்சர் 65,536-ஆவது வரிக்குப் போய் நின்றது, ஆட்கள் முப்பது பேர்தான்! யாரோ ஒரு அக்கவுண்டண்ட் ஷீட் முழுக்க பார்டர் போட்டு வைத்த புண்ணியம். காலி வரிகளை எல்லாம் டிலீட் செய்து புது ஃபார்மட்டில் சேவ் செய்ததும் 11 எம்பி ஃபைல் ஒரு எம்பிக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டலுக்கும் மொத்தத்தையும் திரும்பக் கணக்குப் போடவைக்கும் இண்டைரக்ட் ஃபார்முலாக்களையும் எடுத்தான். 2007 இதையெல்லாம் முனகாமல் சுமந்திருக்கிறது.

பிறகு 256 ஜிபி எஸ்எஸ்டி (தட்டு சுற்றாத, சிப்பிலேயே எழுதும் வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி மாட்டி, ராமை எட்டாக்கினோம். இரண்டும் சேர்ந்து அந்தப் பதினெட்டாயிரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. இப்போது ஃபைல் நான்கு நொடியில் திறக்கிறது. ஆமாம், பழைய 2007-ஐவிட வேகமாக. புது எக்செல் வி-லுக்கப் கணக்கையெல்லாம் உண்மையிலேயே சீக்கிரம் போடுகிறது. பையன் "பறக்கும்" என்றது முழுப் பொய் இல்லை, பறக்க என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் காசு வாங்கினான்.

இதோடு முடியவில்லை. 'லைஃப்டைம்' ஆபிஸ் அடுத்த மே மாதம் லைசென்ஸ் இல்லை என்று சிவப்புப் பட்டை காட்டியது. அக்கா பையன் அப்போதுதான் நோண்டிப் பார்த்தான். பெரிய கம்பெனிகள் தங்கள் சர்வர் வழியாக நூற்றுக்கணக்கான சிஸ்டத்தை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் என்ற முறையைத் திருட்டுத்தனமாகப் போலி செய்யும் டூல் ஒன்றைப் போட்டிருக்கிறான். அந்த ஆக்டிவேஷன் ஒரு தடவைக்கு 180 நாள்தான் நிற்கும், நடுவில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த டூல் மாட்டாமல் இருப்பதற்காக விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரையே பார்க்காதே என்று ஒதுக்கி வைத்திருக்கிறான். எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகு அக்கா பையன் அந்த ஒதுக்கலை எதற்கென்று தெரியாமலே எடுத்துவிட, டிஃபெண்டர் டூலைப் பிடித்து அழித்துவிட்டது, லைஃப்டைம் முடிந்தது. ஜிஎஸ்டி லாகினும் பேங்க் லாகினும் நடக்கிற சிஸ்டத்தில் அதுவரை அந்தக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. கடை கொடுத்த பில்லை எடுத்துப் பார்த்தேன். 'சர்வீஸ் சார்ஜ் 7,000' என்று ஒரே வரி, சாஃப்ட்வேர் என்ற வார்த்தையே இல்லை. எங்கே போய் எதைக் கேட்பது?

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பில்லோடு ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கி, 32 பிட்டாகப் போட்டிருக்கிறேன். பேக்கிங் சிஸ்டம் விண்டோஸ் 7-லேயே, நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கர் மட்டும் அடிக்கிறது.

பக்கத்து யூனிட்காரரிடம் இதைத்தான் சொன்னேன். ராம் எவ்வளவு, உள்ளே ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று முதலில் பார்க்காமல் விலை சொல்பவனை அனுப்பிவிடுங்கள். 32-ஆ 64-ஆ, ஏன் என்று கேளுங்கள். ஆன்டிவைரஸை அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிறேன் என்றால் கையைப் பிடியுங்கள். லைசென்ஸ் யார் பெயரில் வரும், பில்லில் சாஃப்ட்வேர் பெயர் எழுதுவாயா என்று கேளுங்கள், அங்கேயே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். பழைய டிஸ்க்கை அழிக்க விடாதீர்கள், தனியாகக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இந்த மாதிரி சிஸ்டம் விண்டோஸ் 11-க்குத் தகுதியே இல்லை, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது, பையன் குறுக்கு வழியில் பதினொன்றைப் போட்டுத் தருகிறேன் என்றானாம், அதற்கும் தலையாட்டாதீர்கள் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமா, நீங்க எதுக்குங்க மொதல்ல புதுசு போடப் போனீங்க?" என்றார். மெர்ச்சண்டைசர் ஃபைல் என்றேன். இதே கேள்வியை அக்கா பையனும் அன்றைக்கே கேட்டிருந்தான், கேட்டுவிட்டு என் போனை வாங்கி, எக்செல் ஆப்பை இலவசமாக இறக்கி, அந்த ஷீட்டைத் திறந்து காட்டினான். எக்ஸ்லுக்கப் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது.