கைவைக்கும் முன் கட்டடத்தைப் படிக்கப் பழக்கும் ஒரு படிப்பு

பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாப்பது குறித்தும், அவற்றை அழிக்காமல் நகரத்தைத் திட்டமிடுவது குறித்தும் இணையவழியில் நடத்தப்படும் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். பழைய கட்டடத்தில் எதையும் மாற்றுவதற்கு முன், அது எப்படிக் கட்டப்பட்டது, எங்கே பழுதுபட்டது, எதனால் மதிப்புப் பெறுகிறது என்பதை எழுதிவைக்கும் பழக்கத்தை ஏற்படுத்துவதே இதன் பெரும் பலம்.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான, 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை நடத்தும் விதம் சிறப்பாக இருக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்புப் பணி நின்றுவிட வேண்டும் என்ற அதன் விதியை வெறும் வாசகமாகச் சொல்லிவிட்டுப் போகாமல், பாதி இடிந்த முகப்பு ஒன்றின் வரைபடத்தைத் தந்து, எதுவரை சான்று இருக்கிறது என்று நம்மையே கோடிடச் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் ஜப்பானின் இசே ஆலயத்தைக் காட்டி, பொருள் பழையதாக இருந்தால்தான் மெய்மை உண்டா என்ற கேள்வியை எழுப்பி, மெய்மையை அந்தந்தப் பண்பாட்டுக்கு ஏற்ப மதிப்பிடச் சொல்லும் 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணத்துக்கு அழைத்துச் செல்லும் பாடமும் நன்று.

எனினும், என்னைப் பொறுத்தவரை படிப்பின் உச்சம், செங்கற்களை இணைக்கும் காரை பற்றிய பாடமே. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவருக்குள் புகும் ஈரம் பெரும்பாலும் காரை வழியாகவே ஆவியாகி வெளியேறும். இணைப்புகளைச் சிமென்டால் அடைத்துவிட்டால் அந்த ஈரம் செங்கல் வழியாக வெளியேற முயன்று, தன்னோடு கொண்டுவந்த உப்பைச் செங்கல்லின் மேற்பரப்புக்கு அடியில் படியவிட, அந்த உப்பு படிகமாகும்போது செங்கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடுகிறது. சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்தி நிற்க, நடுவே செங்கற்கள் குழிந்துபோயிருக்கும் சுவரை மிக நெருக்கத்தில் காட்டும் படத்தைப் பார்த்தபின், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பும் எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பது ஐயமின்றி விளங்குகிறது.

சட்டப் பகுதியில், நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963இல் இடிக்கத் தொடங்கப்பட்டதையும், 1965இல் அந்நகரில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்ததையும், கிராண்ட் சென்ட்ரல் நிலைய வழக்கில் 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்ததையும் தொடர்ச்சியாக விளக்குகிறார்கள். ஆனால் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது, வாடகைதாரர்களை வெளியேற்றாமல் ஒரு பழைய தெருவை எப்படிக் காப்பது என்ற கேள்விகளை ஒரே காணொளியில் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். திட்டமிடல் என்று பெயர் வைத்த படிப்பில் இது பெருங்குறை. பயிற்சித் தாள்களுக்கான மதிப்பீடும் அடுத்த பகுதி தொடங்கிய பிறகே வந்துசேர்கிறது.

குறைகள் இருந்தாலும் பரிந்துரைக்கத் தயங்கமாட்டேன். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க எண்ணியிருப்பவர்கள், ஒப்பந்தக்காரரிடம் பேசுவதற்கு முன் காரை பற்றிய பாடத்தையாவது பார்த்துவிட வேண்டும்.