கனகபுரத்து ஒழுங்கைக்கு எந்தக் கூரை?

கிளிநொச்சி கனகபுரத்தில் அக்காவின் வளவில் புது வீடு எழும்பப்போகிறது. கையில் இரண்டு படங்கள். ஒன்று கனடாவிலிருந்து மருமகன் வட்ஸ்அப்பில் அனுப்பியது: தட்டைக் கொங்கிறீட் கூரை, ஆளுயரக் கண்ணாடி, சாம்பல் நிறச் சுவர், பெட்டி மாதிரி. மற்றது ஊர் மேசன் கொப்பித் தாளில் கீறியது: சரிந்த ஓட்டுக் கூரை, முன்னுக்கு நீள விறாந்தை.

ஒழுங்கையில் இருப்பவை பெரும்பாலும் 2012க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில், 5½ லட்சம் ரூபாய் உதவியோடு எழும்பிய வீடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி. தாழ்ந்த கூரை, முன்னால் வேம்பு, பிறகுதான் வேலி. மருமகனின் பெட்டியை அங்கே வைத்தால் கூட்டத்தில் தலைப்பாகை கட்டியவர் மாதிரித் தெரியும். வேம்பையும் தறிக்கவேண்டி வரும்.

சூட்டில் ஓடுதான் வெல்லும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை 5 அங்குலக் கொங்கிறீட் இரவில்தான் கக்கும். ஓகஸ்டில் மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றும். ஓட்டு இடுக்கால் சூடு மேலே போய்விடும். மேற்கே பார்த்த கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோளகக் காற்றுத் தொடங்கினால் அதன் மேல் செம்புழுதிதான்.

சரி, ஓட்டுக்குக் குறையே இல்லையா? இருக்கிறது, ஓடுகளைக் கலைக்கும் குரங்கு. பக்கத்து வளவுக்காரர் கூரையில் சாத்திய ஏணியை எடுப்பதே இல்லை. கார்த்திகை மழையில் அவர் வீட்டு விறாந்தையில் மூன்று வாளி இருக்கும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சத்தம். அலுத்துப்போய் ஓட்டுக்குப் பதிலாகக் கூரைக்குச் சீற் போட்டவர்கள் இப்போது சூடு தாங்காமல் மத்தியானத்தில் மாமரத்துக்குக் கீழேதான் படுக்கிறார்கள்.

கொங்கிறீட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. காசு வரும்போது மேலே ஓர் அறை கட்டலாம். மகளுக்கு என்று அத்தான் நினைப்பதும் அதைத்தான்.

நான் சொன்னது: முன்பாதிக்கு ஓடு, பின்னால் குசினிக்கும் குளியலறைக்கும் மட்டும் கொங்கிறீட். தண்ணீர்த் தாங்கியும் படியும் அதன் மேலே போகட்டும். பெரிய யன்னல் வேண்டுமென்றால் விறாந்தைக்குள் வையுங்கள், வெளியே நீளும் மூன்றடிக் கூரை இறப்பு வெயிலைத் தடுக்கும். மருமகனின் சாம்பல் நிறமும் இருக்கட்டும், அதனால் ஒழுங்கைக்கு ஒரு நட்டமும் இல்லை.

கூரையை விட எனக்கு உறுத்துவது மதில். படத்தில் ஆறடி மதிலும் தள்ளித் திறக்கும் கேற்றும். இப்போதிருப்பது கதியால் வேலி, அதிலே நுழைந்து போய்வர ஒரு பொட்டு. அந்தப் பொட்டால்தான் மரவள்ளிக்கிழங்கும் பால்கோப்பையும் போய்வருகின்றன. முன்னால் இடுப்பளவு மதில் கட்டினால் போதும், பக்க வேலியைத் தொடாதீர்கள் என்றேன்.

ஓட்டுக்கு மருமகன் சம்மதித்துவிட்டான். மதிலில்தான் அத்தான் இன்னும் இறங்கி வரவில்லை.