சுருளுக்கு 400 டாலரா? ஏ ஸ்டைல் மாண்டலினும் எஃப் ஸ்டைல் மாண்டலினும்

மாண்டலின் வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் ஸ்ரீநிவாஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார். எனக்கும் அந்தப் பெயரிலிருந்துதான் ஆசை ஆரம்பம். ஆனால் அவர் கையில் இருந்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். தந்தியை இழுத்தும் சறுக்கியும் கமகம் பிடிக்க இரட்டைத் தந்தி அவ்வளவாக வளைந்து கொடுக்காது. நான் தேடியது அந்த இரட்டைத் தந்திக் கருவியைத்தான்: நாலு ஜோடி, எட்டுத் தந்தி. வட கரோலினாவுக்குக் குடிவந்த பிறகு தொற்றிக்கொண்டது புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை. ஞாயிற்றுக்கிழமை காபியோடு கொஞ்சம் ஜாஸும் உண்டு. மேடை ஏறும் உத்தேசமெல்லாம் இல்லை.

கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஏ ஸ்டைல் நீர்த்துளி மாதிரி எளிய வடிவம். எஃப் ஸ்டைலில் கழுத்தோரம் மரத்தால் ஒரு சுருள், உடம்பில் கூர்முனைகள். இரண்டும் ஒரே கம்பெனி. ஸ்ப்ரூஸ் முகப்பு, மேப்பிள் முதுகு, மேற்கத்திய வயலின் மாதிரி ஜி-டி-ஏ-இ சுருதி, கழுத்தின் நீளம் எதிலும் வேற்றுமை இல்லை. விலையில் மட்டும் 400 டாலர் ஏறியிருந்தது. சுருளைக் குடைந்து, அதன் வளைவோடு ஓரப்பட்டியை ஒட்டும் வேலைக்கான கூலி அது. சத்தத்தில் அதற்குப் பெரிய பங்கு இல்லை.

அப்புறம் ஏன் புளூகிராஸ்காரர்கள் எல்லாரும் சுருளோடு திரிகிறார்கள்? காரணம் மாண்டலின் கலைஞர் பில் மன்றோ. புளூகிராஸ் என்ற பெயரே அவருடைய குழுவின் பெயரிலிருந்து வந்தது. ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலருக்கு அவர் வாங்கிய எஃப்-5 என்ற கிப்ஸன் கம்பெனியின் எஃப் ஸ்டைல் மாண்டலினுக்குள், அந்தக் கம்பெனியின் பொறியாளர் லாயிட் லோரின் கையெழுத்தும் 1923 ஜூலை 9 என்ற தேதியும் இருந்தன. லோர் கையெழுத்திட்ட எஃப்-5கள் இன்று லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகின்றன. சாமி படம் மாதிரி அந்த உருவம் மனசில் பதிந்துவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

சத்தத்தை மாற்றுவது முகப்பில் உள்ள துளை. நீள்வட்டத் துளை இருந்தால் நாதம் உருண்டு, நின்று ஒலிக்கும். வயலினில் இருப்பது போன்ற எஃப் துளை இருந்தால் வெட்டிச் சட்டென்று அடங்கும். பாஞ்சோ என்ற சத்தமான தந்தி வாத்தியத்துக்கு நடுவே கேட்க வேண்டுமென்றால் எஃப் துளைதான் சரி. அது ஏ ஸ்டைலிலும் கிடைக்கிறது, நான் வாங்கியதும் அதைத்தான். நீள்வட்டத் துளைக் கருவியைக் கடையில் பத்து நிமிடம் தடவிப் பார்த்ததோடு சரி. தனியாக மெல்ல ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கு அதுவே பிடிக்கலாம்.

மிச்சமான 400 டாலரில் 90 டாலரைத் தந்தி வாத்தியங்களைச் சீர்செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். வாங்குகிறவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியிலிருந்து எடுத்தபோது, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்களில் பன்னிரண்டாவதன் மேல் தந்தி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. புளூகிராஸில் மாண்டலினுக்கு மேளக்காரன் வேலை: இரண்டாம், நாலாம் தட்டில் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை, 'சக்' என்று வெட்டி அடக்க வேண்டும். ஜி கார்டுக்கு அந்தப் பிடி, ஜி-டி-ஏ-இ தந்திகளில் முறையே 7-5-2-3 ஃபிரெட்கள். சுண்டுவிரல் தடித்த ஜி தந்தியின் ஏழாம் ஃபிரெட்டை எட்டிப் பிடித்தாக வேண்டும். தந்தி உயரமாக இருந்தால் மூன்றாவது பாட்டிலேயே கை கழன்றுவிடும்.

சீர்செய்பவர், கழுத்தின் தலைப்பில் தந்திகள் படியும் நட்டின் பள்ளங்களை அரம் வைத்து இறக்கினார். வளைந்த முகப்பின் மேல் உப்புத்தாளை விரித்து, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பாதத்தை முன்னும் பின்னும் இழுத்து, முகப்போடு இடைவெளியில்லாமல் உட்காரும் வரை தேய்த்தார். தந்தி ஒன்றரை மில்லிமீட்டருக்கு இறங்கியது. கருவியே மாறிவிட்டது போல இருந்தது.

இந்தப் பிரிட்ஜ் ஒட்டப்படாதது. தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினால் இடம் பெயர்ந்து, மேல் ஃபிரெட்களில் சுருதி பிசகும். ஆகவே தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான். பன்னிரண்டாம் ஃபிரெட்டை அழுத்தி வரும் ஸ்வரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று கடைசியில் பார்த்துக்கொள்கிறேன். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் மரம் சுருங்கி முகப்பு தாழும், தந்தி கரகரக்கும். கோடையில் உப்பி உயரும். பிரிட்ஜின் இரண்டு திருகுகளை வருஷத்துக்கு இரண்டு தடவை கால் சுற்று திருப்புவேன். எஃப் ஸ்டைலுக்கும் இந்தச் சேவகமெல்லாம் செய்தாக வேண்டும். சுருளுக்குப் பணத்தைக் கரைத்துவிட்டு இதற்கு இல்லாமல் தவிப்பதுதான் வேண்டாத வேலை.

ஜாஸுக்கு இது இன்னும் முக்கியம். திறந்த தந்தியை நம்பாமல் மூன்று தந்தியில் கார்டு பிடித்துக் கழுத்து முழுக்க நகர வேண்டியிருக்கும். காமெடி ஜோடியில் ஒருவராகப் பெயரெடுத்த ஜெத்ரோ பர்ன்ஸ், மெட்டையும் கார்டையும் சேர்த்து வாசிப்பதைக் கேட்டால் தெரியும். தந்தி உயரமாக இருந்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சுருதி ஏறி, ஏழாம் ஸ்வரம் சேர்ந்த கார்டு அபஸ்வரமாகிவிடும்.

எஃப் ஸ்டைலுக்கும் நியாயம் இருக்கிறது. உட்கார்ந்தால் கூர்முனை தொடையில் ஊன்றி நிற்கும், என்னுடையது வழுக்கும். வாரைச் சுருளில் மாட்டிக்கொள்ளலாம், நான் கழுத்தின் அடியில் ஒரு பொத்தான் திருகிக்கொண்டேன். விற்கும்போது சுருள் வைத்தது சீக்கிரம் கைமாறும் என்கிறார்கள். நான் இதுவரை எதையும் விற்றதில்லை, அதனால் அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.