டியூபாவின் சுருதி பார்க்க எது: கிளிப் ட்யூனரா, போன் செயலியா?

பெரிய பித்தளை ஊதுவாத்தியமான டியூபாவின் தாழ்ந்த பி ஃபிளாட் சுரம் சுமார் 58 ஹெர்ட்ஸ். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் பெடல் சுரம் 29. போன் மைக்குக்கு இது சிரமம். கூடவே ஒலிக்கும் மேற்சுரங்களை வைத்தே செயலி ஊகிக்கிறது, சில நேரம் ஸ்தாயி மாறிவிடும்.

கோர்க் டிஎம்-60 மாதிரி ட்யூனரில் கிளிப் மைக்கைச் செருகி வாத்தியத்தின் ஒலி வெளிவரும் அகன்ற வாயின் விளிம்பில் மாட்டினால், உலோகத்தின் அதிர்வையே எடுத்துக்கொள்ளும். பக்கத்து டிராம்போன் எவ்வளவு முழங்கினாலும் கவலையில்லை. ஆனால் அதன் எல்லை சுமார் 33 ஹெர்ட்ஸ். பெடல் சுரம் சிக்காது.

டோனல் எனர்ஜி செயலியில் சுருதி சேர்ந்தால் சிரித்த முகம் வரும் (பிள்ளைத்தனம்தான், எனக்குப் பிடிக்கும்). ஆதார சுருதியை ஒலிக்கவிட்டுக் காதாலும் பழகலாம், வீட்டுக்கு அதுதான். ஒத்திகைக்குக் கிளிப். எதுவானாலும் முதலில் கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்குங்கள், அப்புறம் முள்ளைப் பாருங்கள். குளிர்ந்த பித்தளை சுருதி இறங்கியே பேசும்.