ஓடிபி போட்டால் உயில் ஆகாது: என் பெரியம்மாவுக்கு நடந்தது

நேற்று மாலை வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். பெரியம்மா எழுதி வைத்துவிட்டுப் போன உயில் செல்லாது என்று சொல்லிவிட்டார். ஐந்து லட்ச ரூபாய், அவர் யாருக்குக் கொடுக்க நினைத்தாரோ அவர்களுக்குப் போகாது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வேறு யாரும் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மா மதுரையில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் பார்வையற்ற பிள்ளைகள் விடுதிக்குப் போய்ப் பாடம் வாசித்துக் காட்டுவார். தன் பென்ஷனில் மிச்சம் பிடித்துப் போட்ட டெபாசிட் ஐந்து லட்சமும் அந்த விடுதிக்கே என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஆன்லைனில் உயில் எழுதித் தரும் ஒரு சேவையின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. பேசிய பையன் வார்த்தைக்கு வார்த்தை ‘அம்மா’ என்றான். "நீங்க எங்கயும் அலைய வேண்டாம்மா, நாங்க வீடியோ கால்லயே முடிச்சுக் கொடுத்துடுவோம்" என்றான். மூட்டு வலிக்காரருக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துக்குப் பதிலாகப் போனில் வந்த ஓடிபியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தார். சாட்சிகளையும் அவர்களே ஏற்பாடு செய்துகொள்வார்களாம். ஜிஎஸ்டி சேர்த்து 11,800 ரூபாய். நான்தான் ஜிபே பண்ணினேன்.

ஒரு வாரத்தில் கூரியரில் வந்தது. வழவழப்பான தாள், தங்க நிற முத்திரை, சிவப்பு ரிப்பன். பெரியம்மா அதைப் பட்டுப்புடவைக்கு அடியில் நாப்தலின் உருண்டையோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். போன மாதம் தவறிவிட்டார்.

வக்கீல் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, "இதுல பேனாவால போட்ட கையெழுத்து எங்க?" என்று கேட்டார். மின்னணுக் கையொப்பத்தை அனுமதிக்கும் 2000-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே உயிலுக்கு மட்டும் அது பொருந்தாது என்று விலக்கி வைத்திருக்கிறதாம். உயிலே இல்லை என்றால், பிள்ளை இல்லாத இந்து விதவையின் சொத்து, பெற்றோர் வழியாக வந்ததைத் தவிர, கணவர் வழி வாரிசுகளுக்குத்தான் போகும். சொந்தச் சம்பாத்தியமாக இருந்தாலும் அப்படித்தான் என்று 2009-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதாவது, பத்து வருடமாக வாசல் படி மிதிக்காத பெரியப்பாவின் தம்பி மகன்களுக்கு அந்த ஐந்து லட்சம். கேட்டுப் பார்த்தேன். "சட்டப்படி என்னவோ அது வரட்டும்" என்று வைத்துவிட்டார்கள்.

சரி, அந்த உயில் சேவைக்காரர்களைக் கூப்பிட்டால், முதல் நாள் புகார் எண் கொடுத்தார்கள். 48 மணி நேரத்தில் லீகல் டீம் பேசும் என்றார்கள். பேசவில்லை. நான்காவது முறை ஒரு பெண் எடுத்து, "சார், நாங்க டிராஃப்ட் மட்டும்தான் தர்றோம், சட்ட ஆலோசனை தர்றதில்ல, நிபந்தனைகள்ல இருக்கு பாருங்க" என்றார். 11,800 ரூபாய் வாங்கும்போது இது எந்த வாயிலும் வரவில்லையே! வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் மட்டும்தான் பதில். கடைசியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? என் உயிலை அவர்களிடம் எழுதினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம்.

விடுதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பொறுப்பில் இருக்கும் அம்மா, "பரவாயில்லைங்க, டீச்சர் இத்தனை வருஷம் வந்து வாசிச்சதே பெரிசு" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் மனதில் வையுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும். பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். அதை நேரில் பார்க்கும் இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. அறக்கட்டளைக்குக் கொடுப்பதென்றால் அதன் பதிவுப் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கி அப்படியே எழுதுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 11,800-ஐயாவது வாங்கி விடுதியில் கட்டிவிட வேண்டும்.