ரெக்கே நேரடிப் பதிவுகள்: மிக்சர் டேப்பா, கூட்டத்து டேப்பா, செஷன் டேப்பா?

ஜமைக்காவின் ரெக்கே இசைக் கச்சேரிகளின் பழைய பதிவுகளைத் தேடிச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்து நேராக எடுத்த பதிவு முதல் தரம், எஃப்.எம். ஒலிபரப்பிலிருந்து பிடித்தது அடுத்த தரம், கூட்டத்துக்குள் மைக் வைத்து எடுத்தது கடைசி. பல வருடம் நானும் இந்த வரிசையை நம்பித்தான் கேசட் சேர்த்தேன். இப்போது நம்புவதில்லை. ரெக்கேக்கு வந்தால் இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது.

என்னிடம் எழுபதுகளின் கடைசியில் நடந்த ஒரே கச்சேரியின் இரண்டு டேப்புகள் இருக்கின்றன. ஒன்று மிக்சர் டேப். பாடகரின் குரல் காதுக்குள்ளேயே நிற்கும், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஆனால் பேஸ் கிட்டார் எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பதுபோல இருக்கும். இன்னொன்று அரங்கின் நடுவில் யாரோ எடுத்தது. குரல் கொஞ்சம் கலங்கல், பக்கத்தில் ஒருவர் இருமுகிறார். ஆனால் டிரம்ஸ் உருண்டு விழுந்து பேஸ் உள்ளே வரும் அந்த முதல் நொடியில் நெஞ்சில் ஒரு கை வந்து அழுத்துகிறது. ரெக்கேயில் மெட்டைச் சுமப்பதே பேஸ்தான். அது இல்லாத பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்குப் பாதிப் பதிவுதான்.

இதற்குக் காரணம் எளிது. சின்ன அரங்கில் பேஸ் கிட்டாரின் சொந்த ஸ்பீக்கரே இடத்தை நிரப்பிவிடும். அதனால் ஒலிப்பொறியாளர் அதைப் பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கொஞ்சமாகத்தான் அனுப்புவார். மிக்சர் டேப்பில் ஏறுவது பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போன கலவை மட்டுமே. அரங்கில் இருந்தவர்கள் கேட்டது அதுவும் மேடைச் சத்தமும் சேர்ந்தது. ஆக, மிக்சர் டேப் அந்த இரவில் அங்கிருந்த யாருமே கேட்காத ஒன்று. பெரிய மைதானக் கச்சேரிகளில் எல்லாமே மிக்சர் வழியாகப் போகவேண்டியிருப்பதால் இந்தக் குறை குறையும். சின்ன அரங்கு என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பாப் மார்லி பாடியதை வைத்து வந்த ஆல்பத்தைக் காட்டி, "மிக்சர் பதிவு என்றால் இப்படித்தானே இருக்கும்?" என்று கேட்பார்கள். அது வேறு சாதி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோவைக் கொண்டுவந்து, கருவிகளைத் தனித்தனி டிராக்குகளில் பிடித்து, பிறகு உட்கார்ந்து கலந்தது. பார்வையாளர்கள் சேர்ந்து பாடுவதும் அதில் இருக்கிறது. இரண்டு டிராக் மிக்சர் கேசட்டை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

எஃப்.எம். பதிவுகளைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, அவை நல்லவை. வானொலிக்காகத் தனியாகக் கலந்திருப்பார்கள், பேஸும் குரலும் சரியான அளவில் நிற்கும். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எஃப்.எம். வெட்டிவிடும், ஆனால் ரெக்கேக்கு அதனால் பெரிய நட்டமில்லை. 1973 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் மார்லியின் வெய்லர்ஸ் குழு கே.எஸ்.ஏ.என். வானொலிக்காக ஸ்டுடியோவில் நேரடியாக வாசித்தது, 1976 மே 26 அன்று மார்லி லாஸ் ஏஞ்சலிஸின் ராக்ஸி அரங்கில் பாடியது, இரண்டும் இந்த வகைதான். ராக்ஸியின் கடைசிக் கதம்பப் பாடல் 20 நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது. அதில் பேஸ் ஒரு இடத்திலும் கரையவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர் இங்கிருந்து ஆரம்பிக்கட்டும். குறை ஒன்றுதான்: பெரிய நிறுவனம் பின்னால் நின்ற பெரிய பெயர்களுக்குத்தான் வானொலி வந்தது. மற்றவர்களின் இரவுகளை யாரும் ஒலிபரப்பவில்லை.

அந்த மற்ற இரவுகள் நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது கூட்டத்துக்குள் நின்றவர்களால்தான். எண்பதுகளில் சோனியின் வாக்மேன் புரொஃபஷனல் வந்தபிறகு நல்ல ரெக்கார்டர் ஒன்று கோட்டுப் பைக்குள்ளேயே அடங்கியது. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பாட்டின் நடுவில் பக்கம் தீரும். இருட்டில் தடவித் திருப்பிப் போடும்போது பத்து இருபது நொடி போய்விடும். இந்த வெட்டு எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. பால்கனிக்கு அடியில் நின்று எடுத்ததுதான் உறுத்தும். அங்கே பேஸ் தேங்கிக் கூழாகிவிடும். அரங்கின் நடுவில், ஒலிப்பொறியாளரின் மேசைக்குச் சற்று முன்னால் நின்றவர் எடுத்ததாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, இதுவரை பேசியதெல்லாம் மேடைக் கச்சேரி. ஜமைக்காவில் ரெக்கே வாழ்ந்த இடம் மேடை மட்டுமல்ல. சவுண்ட் சிஸ்டம் என்று ஒன்று உண்டு: அலமாரி அளவு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டு போட்டு, அதன் மறுபக்கத்தில் இருக்கும் குரலில்லாத வடிவத்தின்மீது டீஜே மைக்கைப் பிடித்து அந்த நிமிடமே கட்டிப் பாடும் திறந்தவெளி நடனம். கிங் டபியின் ஹோம்டவுன் ஹை-ஃபை என்ற சவுண்ட் சிஸ்டத்தில் டீஜே யூ-ராய் நின்று பேசிய காலத்திலிருந்து இது ஒரு தனிக் கலை. அந்த இரவுகளைப் பதிந்த கேசட்டுகள்தான் செஷன் டேப்புகள். கிங்ஸ்டனில் பதிந்தது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் டொரன்டோவுக்கும் உறவினர் பெட்டிகளில் பயணித்தது, அங்கே நகல்மேல் நகல் எடுக்கப்பட்டது.

மிக்சர் டேப்பும் எஃப்.எம். பதிவும் கூட்டத்து டேப்பும் ஒரு தட்டில் இருந்தால், செஷன் டேப்பை நான் தனித் தட்டில் வைப்பேன். மார்லியின் ஒரு கச்சேரி தொலைந்தால் அதே சுற்றுப்பயணத்தின் இன்னொரு இரவு இருக்கும், அதே பாடல்கள் ஸ்டுடியோவிலும் இருக்கும். செஷன் டேப் தொலைந்தால் தொலைந்ததுதான். டீஜே பிரிகேடியர் ஜெரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜா லவ் மியூசிக் என்ற சவுண்ட் சிஸ்டத்தில் பாடிய அவர் பெயர் கடல் கடந்து பரவியது கேசட் வழியாக. ஸ்டுடியோவில் அவர் பதிந்தது குறைவு, 'ஜமைக்கா ஜமைக்கா' ஆல்பம் வந்தது 1985-இல். அவருடைய திறமையின் முழு அளவு கேசட்டில்தான் இருக்கிறது. லண்டனின் சாக்சன் சவுண்டும் அப்படித்தான். டிப்பா ஐரி, ஸ்மைலி கல்ச்சர், பாப்பா லீவை ஆகியோர் வார்த்தைகளை மூச்சுவிடாமல் கொட்டும் அந்த வேகம் எப்படி வளர்ந்தது என்பதை இசைத்தட்டுகளை வைத்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது.

செஷன் டேப்பின் ஒலி எப்படி? பெரும்பாலும் மோசம். மைக்கில் குரல் உடையும், ஊசி குதிக்கும், மூன்றாம் நான்காம் நகலில் சிம்பல் சத்தமே இருக்காது. ஆனால் ஒரு நல்ல வரி விழுந்ததும் கூட்டம் கத்துகிறதே, விசில் பறக்கிறதே, தட்டைப் பின்னால் இழுத்து மறுபடி முதலிலிருந்து போடுகிறார்களே, அதைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பாட்டில் கூட்டத்துக்கும் பங்குண்டு. 1982-இல் கிங்ஸ்டனின் ஸ்கேட்லேண்டில் பதிந்து வெளிவந்த டீஜே தொகுப்பும், யெல்லோமேன் ஏசஸில் பாடிய நேரடி ஆல்பமும் இந்தச் சூழலை ஓரளவு தட்டில் கொண்டுவந்தன. ஆனால் ஒரு தட்டுக்குள் முக்கால் மணி நேரம்தான் அடங்கும். ஒரு இரவு முழுக்க மெல்ல மெல்ல ஏறும் சூடு அதில் வராது.

அடுத்த ஒப்பீடு, கேசட்டைக் கணினிக்குள் ஏற்றும்போது சுத்தம் செய்வதா, அப்படியே விடுவதா? இதில் எனக்கு ஒரே பக்கம்தான். எனக்கு ஒருமுறை வந்த அருமையான பதிவில் முன்பிருந்தவர் இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழுதாகத் திருகியிருந்தார். இரைச்சல் போயிற்று, அதோடு ஹை-ஹாட் போயிற்று, கூட்டமும் தண்ணீருக்கடியில் முங்கிப் போயிற்று. மூலக் கேசட் எங்கே என்று கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டாராம். அன்று வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. சுத்தம் செய்த நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. தொடாத நகல் கட்டாயம் இருக்கவேண்டும். அதுவும் ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவத்தில். எம்பி3 வடிவம், கேசட் இரைச்சலையும் கைதட்டலையும் சுருக்கத் திணறி ஒரு சலசலப்பைச் சேர்த்துவிடும். அதிலிருந்து திரும்பி வர வழியில்லை.

ஏற்றும்போது இரண்டு வேலைகளை விட்டுவிடக் கூடாது. ஒன்று, கேசட் டெக்கின் தலைப்பகுதியில் இருக்கும் சின்ன திருகை மெல்லத் திருப்பி, ஒலி திறந்துகொள்ளும் இடத்தில் நிறுத்துவது. இன்னொன்று வேகம். பேட்டரி தளர்ந்த ரெக்கார்டரில் டேப் மெதுவாக ஓடியிருக்கும். நம் டெக்கில் போட்டால் பாடகர் வழக்கத்தைவிட உயர்ந்த சுருதியில் பாடுவார். மின்சாரத்தின் முனகல் பதிவில் இருந்தால் வேலை சுலபம். ஜமைக்காவிலும் பிரிட்டனிலும் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. முனகல் 52-இல் நின்றால் எவ்வளவு இறக்கவேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

இனி பகிர்வது. அதிகாரபூர்வ வெளியீடு வரும்வரை பொறுத்திருக்கலாமே என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இந்தக் கலைஞர்களில் பலர் ஸ்டுடியோ பதிவுகளிலேயே ஏமாற்றப்பட்டவர்கள். ஆனால் காத்திருப்பின் கணக்கைப் பாருங்கள். ராக்ஸி 27 வருடம் கழித்து 2003-இல் வந்தது. 1978 ஏப்ரல் 22 கிங்ஸ்டன் அமைதிக் கச்சேரியில் ஜமைக்காப் பிரதமர் மான்லியும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவும் முன்னால் இருக்க, வெய்லர்ஸ் குழுவில் முன்பு இருந்த பீட்டர் டோஷ் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி அவர்களைக் கேள்வி கேட்டது 2000-இல் ஆல்பமானது. வெய்லர்ஸின் 1973 நவம்பர் லீட்ஸ் கச்சேரிக்கு 31 வருடம். மார்லியின் 1978 பாஸ்டன் கச்சேரி 2015-இல் வந்தது. இவை மார்லி, டோஷ் என்ற பெயர்களுக்கே. லண்டன் கென்சல் ரைஸில் ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் மார்லியின் 13 மூல டேப்புகள் 40 வருடம் ஈரத்தில் கிடந்து, பத்துதான் தேறின. அவருக்கே அப்படியென்றால் ஒரு மாவட்டத்து சவுண்டின் டேப்புக்குக் கேட்பாரில்லை.

அதனால் நான் பழைய தபால் காலத்து முறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது இரண்டு வெற்றுக் கேசட்டும் திரும்பி வர தபால் செலவும் அனுப்புவோம். காசு கை மாறாது. இன்றும் காசு கை மாறக்கூடாது. ஆல்பம் வந்த அன்று என் நகலைப் பகிர்வதை நிறுத்திவிட்டு ஆல்பத்தை வாங்குகிறேன். யூடியூபில் ஏற்றுவது ஆயிரம் பேரிடம் ஒரே நாளில் சேர்க்கும், ஆனால் ஒரு புகாரில் மொத்தமும் மறையும், ஒலியும் சுருங்கியிருக்கும். டோரண்டில் அல்லது ஹார்ட் டிஸ்கில் பத்து பேரிடம் முழு ஃபைல் இருப்பது மெதுவான வழி, நிலையான வழி. தொண்ணூறுகளில் சிடி-ஆரில் எரித்துவைத்தவர்கள் இப்போதே எடுத்து மாற்றிவிடுங்கள், அவற்றில் பல இனி படிக்காது.

ஃபைலோடு ஒரு குறிப்பும் போகட்டும்: எந்தக் கேசட், எத்தனையாவது நகல், டால்பி இரைச்சல் குறைப்பு போட்டதா, எந்த டெக், யாரும் எதையாவது வெட்டினார்களா. என்னிடம் உள்ள ஒரு ஜா லவ் டேப்பின் உறையில் நீல மையில் "ஜெரி, சனிக்கிழமை" என்று மட்டும் இருக்கிறது. வருடம் இல்லை. நானாக ஒரு வருடத்தை எழுதவில்லை, "198?" என்றுதான் பகிர்ந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை அங்கே நின்றவர் எவராவது கேட்டுவிட்டுச் சொன்னால் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறேன்.