முதல் மூணு சீசன்: ரோட்ரிகஸ், ஹோக், ஹார்பா – மிச்சிகன் கோச்சுங்கள்ல யாரை நம்பியிருக்கலாம்?

2018 ஆரம்பத்துல மிச்சிகன் யூனிவர்சிட்டி ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கணுமா விட்டுடலாமான்னு எங்க ரெண்டு பேருக்குள்ள பெரிய வாக்குவாதம். ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு அண்ணனும் நானும் 2015-ல இருந்து ஆன் ஆர்பர் ஸ்டேடியத்துல பக்கத்து பக்கத்து சீட்டு. 2017 சீசன் 8-5-ன்னு (8 வெற்றி, 5 தோல்வி) முடிஞ்சிருந்தது, அதுவும் புத்தாண்டு அன்னிக்கு நடந்த அவுட்பேக் பவுல்ல (சீசன் முடிஞ்சதும் ஆடற ஸ்பெஷல் மேட்ச்) சவுத் கரோலினாவுக்கு எதிரா 19-3 முன்னாடி இருந்துட்டு 26-19-ன்னு தோத்தாங்க. அண்ணன் கொதிச்சுப் போயிட்டார். "தம்பி, ஹோக்கோட மூணாவது வருஷம் 7-6, இப்ப இருக்கற ஹார்பாவோட மூணாவது வருஷம் 8-5. ஒரே ஒரு மேட்ச் வித்தியாசம். ஹோக்கை அடுத்த வருஷமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இவருக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு பொறுமை?"

நியாயமான கேள்வி. அவர் டிக்கெட்டை விட்டுட்டார், நான் எடுத்தேன். ஏன் எடுத்தேன்னுதான் எழுதறேன். நான் ஹார்பா பக்கம், அதை முதல்லயே சொல்லிடறேன்.

நம்பரை முதல்ல முடிச்சிடலாம். முதல் மூணு சீசன்ல ரிச் ரோட்ரிகஸ் (2008-10) 3-9, 5-7, 7-6, மொத்தம் 15 வெற்றி 22 தோல்வி. பிரேடி ஹோக் (2011-13) 11-2, 8-5, 7-6, மொத்தம் 26-13. ஜிம் ஹார்பா (2015-17) 10-3, 10-3, 8-5, மொத்தம் 28-11. ஹார்பாவுக்கு அப்புறம் வந்த ஷெரோன் மூரை இதுல சேர்க்கல, மூணு சீசன் இருந்தாதான் இந்தக் கணக்கே நிக்கும்.

இந்த நம்பரை மட்டும் வெச்சுப் பாத்தா ஹோக்கும் ஹார்பாவும் கிட்டத்தட்ட ஒண்ணு, ரோட்ரிகஸ் படுதோல்வி. ஆனா முதல் வருஷ ரெக்கார்டு பாதிக்கு மேல முந்தின கோச்சோட சொத்து, இல்லன்னா முந்தின கோச்சோட கடன். காலேஜ் ஃபுட்பால்ல ஸ்கூல் பசங்களைத் தேடிப் புடிச்சு கையெழுத்து வாங்கி, ஒண்ணு ரெண்டு வருஷம் உக்கார வெச்சு உடம்பு ஏத்தி, அப்புறம்தான் களத்துல எறக்குவாங்க. கோச்சு மாறினதும் டீம் மாறிடாது, மூணு வருஷம் கழிச்சுதான் அவர் கை தெரியும்.

ரோட்ரிகஸ் வந்தப்போ நான் ஆன் ஆர்பர்ல மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தேன், ஸ்டூடண்ட் டிக்கெட். ஃபுட்பால்னா காலால ஆடறதுன்னு நெனச்சிட்டு வந்தவன், ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்துல எந்திரிச்சு நிக்கறதப் பாத்து அன்னிக்கே விழுந்துட்டேன். அந்த வருஷம்தான் டொலீடோகிட்ட 13-10 தோல்வி. கடைசில ஒரு சின்ன ஃபீல்ட் கோல் (பந்தை உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பறது) அடிச்சா சமன், பக்கத்துல இருந்துதான் அடிச்சாங்க, வெளிய போயிடுச்சு. என் பக்கத்துல நின்ன பெரியவர் தொப்பியைக் கழட்டி கைல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னார். 1967-க்கு அப்புறம் மிச்சிகனுக்கு அதுதான் முதல் தோல்வி சீசன், 33 வருஷமா தொடர்ந்து ஆடின பவுல் மேட்சும் அதோட அறுந்துச்சு.

ஆனா அந்த மனுஷனுக்கு என்ன கிடைச்சுதுன்னும் பாக்கணும்ல. குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தி பந்தை எறியறவர்) சாட் ஹென்னி, ரன்னிங் பேக் (பந்தோட ஓடறவர்) மைக் ஹார்ட், லெஃப்ட் டாக்கிள் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கறவர்) ஜேக் லாங் மூணு பேரும் படிப்பு முடிஞ்சு போயிட்டாங்க (லாங் 2008 டிராஃப்ட்ல, அதாவது என்எஃப்எல் தொழில்முறை டீம்கள் காலேஜ் பசங்களை எடுக்கற தேர்வுல, முதல் ஆளா போனவர்), அடுத்த குவாட்டர்பேக்னு நெனச்ச ரயன் மாலெட் ஆர்கன்சாவுக்குப் போயிட்டார், லைன்மேன் ஜஸ்டின் போரன் போயும் போயும் நம்ம பரம எதிரி ஒஹாயோ ஸ்டேட்டுக்கே போனார். மிச்சமிருந்த ஆளுங்களை வெச்சு ரோட்ரிகஸோட ஸ்ப்ரெட் ஆட்டம் (களம் முழுக்க ஆளுங்களைப் பரப்பி வேகமா ஆடறது) ஆட முடியாது. மூணாவது வருஷம் டெனார்ட் ராபின்சன் குவாட்டர்பேக்கா நின்னு 1,702 யார்டு ஓடினார், பாக்கவே கண்ணு போதாது. அதே சீசன்ல டிஃபென்ஸ் இல்லினாய்கிட்ட 65 பாயிண்ட் குடுத்துச்சு, மூணு ஓவர்டைம் ஆடி 67 எடுத்து ஜெயிச்சோம். உள்ள பயிற்சில என்ன நடந்துச்சுன்னு கேலரில உக்காந்து பாத்தவன் நான் சொல்றது அரைகுறையாதான் இருக்கும், ஆனா மூணாவது வருஷத்துலயும் எதிராளியை நிறுத்த முடியலன்னா அந்தப் பழியை முந்தின கோச்சு மேல போட முடியாது.

ஹோக்கோட 2011. அந்த வருஷத்தைப் பத்தி யாராவது பேச ஆரம்பிச்சா எனக்கு இன்னிக்கும் சந்தோஷம்தான். ஆன் ஆர்பர்ல முதல் நைட் மேட்ச், நோட்ர டேமை கடைசி நொடில 35-31, 2003-க்கு அப்புறம் முதல் தடவையா ஒஹாயோ ஸ்டேட்டை 40-34, அப்புறம் சுகர் பவுல் வெற்றி. டிஃபென்ஸ் கோச்சு கிரெக் மாட்டிசன் வந்து டிஃபென்ஸையே தலைகீழா மாத்தினார், ஒரு மேட்சுக்கு சராசரியா 35 பாயிண்ட் குடுத்துட்டிருந்த டீம் அடுத்த வருஷமே 17-தான் குடுத்துச்சு. அந்தப் பெருமை ஹோக்குக்கும் மாட்டிசனுக்கும் முழுசா போகணும்.

ஆனா ஆடினது யாரு? டெனார்ட், ரோட்ரிகஸ் கூட்டிட்டு வந்த பையன். நடுவுல நின்னு பந்தை பின்னாடி குடுக்கற சென்டர் டேவிட் மோல்க், ரோட்ரிகஸுக்கு முந்தின கோச்சு லாயிட் கார் காலத்துல சேந்தவர், நாட்டுலயே சிறந்த சென்டர்னு ரிமிங்டன் ட்ரோஃபி வாங்கினது அந்த வருஷம்தான். ஒஹாயோ ஸ்டேட்டும் அந்த வருஷம் 6-7-ன்னு முடிச்ச டீம், கோச்சே தற்காலிக கோச்சு. ஹோக் அடுப்பு மூட்டல, எரிஞ்சிட்டிருந்த அடுப்புல நல்லா சமைச்சார்.

இப்ப என் முடிவுக்குக் காரணமான விஷயம். ஆஃபென்சிவ் லைன். குவாட்டர்பேக்குக்கு முன்னாடி தோளோட தோள் நிக்கற அஞ்சு பேர், டிவில பேரே சொல்ல மாட்டாங்க. கோச்சு நல்லவரா கெட்டவரான்னு பாக்க நான் அங்கதான் பாப்பேன், ஏன்னா மத்த எடத்துல திறமையான ஒரு 18 வயசுப் பையன் வந்து முதல் வருஷமே கலக்கிட முடியும், லைன்ல பெரும்பாலும் அது நடக்காது. 130, 140 கிலோ உடம்பு, மூணு வருஷ பயிற்சி, பக்கத்துல நிக்கறவன் எப்ப நகருவான்னு சொல்லாமலே தெரியற பழக்கம், இதெல்லாம் சேந்தாதான் லைன். இன்னிக்கு ஆள் எடுக்காம விட்டா மூணு வருஷம் கழிச்சு வலிக்கும்.

ரோட்ரிகஸ் 2010-ல புதுசா சேத்த பசங்கள்ல எடுத்த லைன்மேன் ஒரே ஒருத்தர். அந்தப் பையனும் உடம்பு பிரச்சினையால ஆட முடியாமப் போயிட்டார். அந்த ஓட்டை 2013-ல ஹோக் தலைல வந்து விழுந்துச்சு. ரெண்டு ஓரத்துலயும் டெய்லர் லுவான், மைக்கேல் ஸ்கோஃபீல்ட்னு அடுத்த வருஷமே என்எஃப்எல் டிராஃப்ட்ல போன ரெண்டு பேர், நடுவுல மூணு எடத்துல பசங்க வாரத்துக்கு வாரம் மாறிட்டே இருந்தாங்க. நவம்பர் 2, மிச்சிகன் ஸ்டேட் மேட்ச், ஈஸ்ட் லான்சிங்ல. வீட்ல டிவில பாத்தேன். பந்து பின்னாடி வந்த ஒரு நொடிக்குள்ள நடுப்பக்கம் பொளந்துக்கிட்டு எதிராளி உள்ள வந்துடுவான், டெவின் கார்ட்னர் திரும்பக்கூட நேரமில்லாம கீழ கிடப்பார், எந்திரிப்பார், மறுபடி கீழ. ஏழு சாக் (பந்தை எறியறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கைக் கீழ தள்றது). அன்னிக்கு மொத்த ரன்னிங் மைனஸ் 48 யார்டு. டீமோட வரலாற்றுலயே அதுதான் மோசம். அடுத்த வாரம் நெப்ராஸ்காகிட்ட மைனஸ் 21.

ஓட்டை ஹோக் போட்டது இல்ல, சரி. ஆனா அதுக்கு அவர் என்ன பண்ணார்? சீசன் முடிஞ்சதும் ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் அல் போர்ஜஸை அனுப்பிட்டு டக் நஸ்மையரைக் கொண்டு வந்தார். லைன் கோச்சை அப்படியே வெச்சுக்கிட்டார். 2014-ல 5-7, டிசம்பர்ல வேலை போச்சு.

ஹார்பாவுக்கு வருவோம். அண்ணன் சொன்ன இன்னொண்ணும் உண்மைதான், முதல் ரெண்டு வருஷம் இவரும் ஹோக் சேத்த பசங்களை வெச்சுதான் ஆடினார். 2017 டிராஃப்ட்ல மிச்சிகன்ல இருந்து போன 11 பேரும் ஹோக் காலத்துல வந்தவங்க. அப்ப 2011-ஐக் குறைச்சு மதிக்கற நான் 2015, 2016-ஐ மட்டும் தூக்கிப் பேசக் கூடாது. ஆனா ஒரு வித்தியாசம், 5-7-ன்னு உடைஞ்சு கிடந்த அதே பசங்கதான் ஒரே வருஷத்துல தொடர்ந்து மூணு மேட்ச் எதிராளிக்கு ஒரு பாயிண்ட் கூட குடுக்காம ஆடினாங்க (31-0, 28-0, 38-0). அந்த நிலைல இருந்து தூக்கினது சின்ன வேலை இல்ல.

வேதனையும் நிறைய. 2015 அக்டோபர் 17, மிச்சிகன் ஸ்டேட் மேட்ச், 23-21 முன்னாடி இருக்கோம், மிச்சம் 10 செகண்ட், பந்தை உதைச்சு விட்டா முடிஞ்சுது. என் பின்னாடி சீட்ல ஒரு குடும்பம் கெளம்பறதுக்கு குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டிட்டிருந்தாங்க. பந்து தாழ வந்துச்சு, உதைக்க வேண்டிய பன்டர் கைல நிக்கல, எடுக்கப் பாத்தார், அவங்க ஆளு ஒருத்தன் கைக்குப் போச்சு, ஓடிட்டான். 27-23. சத்தம் எல்லாம் ஒரு மூலைல இருந்த அவங்க ரசிகர்கள்கிட்ட இருந்து மட்டும்தான் வந்துச்சு, மத்த எல்லாரும் அப்படியே உக்காந்துட்டாங்க. அண்ணன் கார் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

ஒஹாயோ ஸ்டேட் கணக்குல ஹோக்தான் மேல, அதை ஒத்துக்கறேன். முதல் மூணு வருஷத்துல ஹோக் 1-2, ரோட்ரிகஸ் 0-3, ஹார்பாவும் 0-3. 2016-ல கொலம்பஸ்ல ரெண்டு ஓவர்டைம் ஆடி 30-27 தோத்ததை நெனச்சா இன்னும் தூக்கம் வராது. மிச்சிகன் ரசிகனுக்கு அந்த ஒரு மேட்ச்தான் வருஷமே, அதனால அதை மட்டும் வெச்சு ஒருத்தர் ஹோக்கை மேலே வெச்சா நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

2017-ல லைன் மறுபடி ஆட்டம் கண்டுச்சு. பர்டூ மேட்ச்ல அடி வாங்கி வில்டன் ஸ்பைட்டுக்கு முதுகெலும்பு உடைஞ்சுது, சீசன் முழுக்க மூணு குவாட்டர்பேக் மாறினாங்க. அண்ணன் இதைத்தான் 2013-ன்னு சொன்னார். ஆனா ஹார்பா பண்ணது வேற. பல வருஷம் கூட இருந்து, லைனைப் பாத்துக்கிட்ட டிம் டிரெவ்னோ போனார், ஒஹாயோ ஸ்டேட்ல லைன் கோச்சா இருந்த எட் வாரினரைக் கொண்டு வந்து லைனை அவர் கைல குடுத்தார். நட்பைப் பாக்காம நோய் இருக்கற எடத்துலயே கை வெச்சார். அந்தச் சேதி வந்த பிறகுதான் நான் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன்.

உடனே எல்லாம் சரியாயிடல. ஹோக்கோட நாலாவது வருஷம் 5-7, ஹார்பாவோடது 10-3, ஆனா அந்த 10-3-க்குள்ள 62-39-ன்னு ஒஹாயோ ஸ்டேட்கிட்ட வாங்கின அடியும் இருக்கு, கோவிட் வருஷம் 2-4 வேற. அப்ப என் நம்பிக்கையும் ஆடிச்சு. 2018-ல டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யறவர்) கோச்சா வந்த ஷெரோன் மூர் 2021-ல லைனை எடுத்துக்கிட்டார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நாட்டுலயே சிறந்த லைனுக்கு குடுக்கற ஜோ மூர் விருது மிச்சிகனுக்குத்தான்.

2021 நவம்பர் 27, பனி கொட்டிட்டிருந்துச்சு, கையுறைக்குள்ள விரல் மரத்துப் போச்சு. நாலாவது குவாட்டர்ல ஒஹாயோ ஸ்டேட்டுக்கு என்ன வரப்போகுதுன்னு நல்லாவே தெரியும், நம்ம ஆளுங்க பாஸ் போடப் போறதில்ல, ஓடத்தான் போறாங்க. தெரிஞ்சும் நிறுத்த முடியல. அஞ்சு பேரும் ஒண்ணா தள்ளிட்டே போறாங்க, ஹாசன் ஹாஸ்கின்ஸ் பின்னாடி வந்து அஞ்சாவது டச் டவுன் போட்டார். 42-27, ரன்னிங் மட்டும் 297 யார்டு. பக்கத்து சீட்ல அன்னிக்கு யாரோ தெரியாத ஒருத்தர், என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார். அண்ணன் வீட்ல இருந்து போன் பண்ணார், ஸ்டேடியம் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, "லைனைப் பாத்தியா, லைனைப் பாத்தியா"-ன்னு அவர் கத்தினது மட்டும் கேட்டுச்சு.